கோலுக்குள் நின்றவர் அணியை நடத்த முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. தம்பிக்கு முப்பத்தொரு வயது. ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு நீண்டகாலம் கோல் காத்தவர். முழங்கால் தசைநார் அறுந்து, இனிப் போட்டியில் இறங்குவது கடினம் என்ற நிலை. கழகம் அணியை அவரிடம் ஒப்படைக்க நினைக்கிறது. நிருவாகத்தில் உள்ள மூத்தவர்கள் சிலர் "கோலுக்குள் நின்றவனுக்கு ஆட்டம் தெரியாது" என்று தடுக்கிறார்கள். கோல் காத்துப் பிறகு பயிற்றுவிப்பாளரான நைஜல் அட்கின்ஸ் என்ற ஆங்கிலேயரைப் பற்றி எங்கோ வாசித்த நீங்கள், அவரைப் போல வேறு யாரும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்கள் உண்டு, கீழே தருகிறேன். ஆனால் நீங்கள் அறிய விரும்புவது அந்தப் பெயர்களை அல்ல என்று நினைக்கிறேன். பெரிய புகழ் எதுவும் இல்லாமல் கீழ்ப்பிரிவில் விளையாடிய ஒரு கோல் காப்பாளர் நல்ல பயிற்றுவிப்பாளராக மாறுவதற்கு என்ன வேண்டும், அது தம்பிக்குக் கைகூடுமா என்பதுதான் உங்கள் கவலை. நானும் கோல் காத்தவன். பிறகு யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணிகளுக்கும் கழக அணிகளுக்கும் நீண்டகாலம் பயிற்சி கொடுத்தவன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

மூத்தவர்களின் பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது. உலக அளவில் புகழ்பெற்ற பயிற்றுவிப்பாளர்களில் முன்னாள் காப்பாளர்கள் குறைவு. ஆனால் அதில் ஒரு பகுதி வெறும் கணக்கு. பதினொருவரில் காப்பாளர் ஒருவர்தான். எனவே எல்லோருக்கும் சம வாய்ப்புக் கிடைத்தாலும் பயிற்றுவிப்பாளர்களில் பதினொன்றில் ஒரு பங்குக்கு மேல் காப்பாளர்களை எதிர்பார்க்க முடியாது. மீதிக் காரணம் பயிற்சி முறையில் இருக்கிறது. அணி முழுவதும் ஒரு பக்கம் பயிற்சி செய்யும்போது காப்பாளர்கள் இன்னொரு மூலையில் தனியாகப் பாய்ந்து எழும்பிக்கொண்டிருப்பார்கள். ஓய்வு பெற்றதும் அதே மூலைக்குக் காப்பாளர் பயிற்றுநராகத் திரும்புகிறார்கள். அங்கே வேலை பாதுகாப்பானது, மரியாதையும் உண்டு. அதனாலேயே பலர் அந்த மூலையை விட்டு வெளியே வருவதில்லை. இது அறிவின் குறை அல்ல, வழக்கத்தின் பிடி.

மூத்தவர்கள் மனதில் இருக்கும் காப்பாளர் பழைய காலத்துக் காப்பாளர் என்பதையும் சொல்ல வேண்டும். 1992 வரை சக வீரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் காப்பாளர் கையில் எடுத்து, நேரத்தைக் கடத்தி, தூர உதைத்துவிடலாம். அந்த ஆண்டு சட்டம் மாறியது. சக வீரர் வேண்டுமென்றே காலால் கொடுத்த பந்தைக் கையால் தொட முடியாது என்று ஆனதும், காப்பாளர் கால்களால் விளையாடக் கற்றே தீர வேண்டியதாயிற்று. 2019-இல் இன்னொரு மாற்றம் வந்தது. கோல் உதையைத் தண்டனை எல்லைக்கு உள்ளேயே சக வீரர் வாங்கலாம். இன்று தாக்குதல் தொடங்குவதே பல அணிகளில் காப்பாளரின் காலிலிருந்துதான். உங்கள் தம்பி இந்தக் காலத்தில் விளையாடியவர். ஆட்டத்துக்கு வெளியே நின்றவர் என்று அவரைச் சொல்வது சரியல்ல.

அட்கின்ஸின் கதை தம்பியின் நிலைக்கு மிக நெருக்கமானது. 1965-இல் பேர்க்கன்ஹெட்டில் பிறந்தவர். ஆற்றுக்கு அப்பால் லிவர்பூல், எவர்டன் என்ற இரண்டு பெரிய கழகங்கள் இருக்க, அவர் விளையாடியது ட்ரான்மியர் ரோவர்ஸுக்கும் விகன் அத்லெட்டிக்குக்கும். இரண்டும் அக்காலத்தில் கீழ்ப்பிரிவுக் கழகங்கள். 1993-இல் வேல்ஸில் உள்ள பாங்கர் சிட்டிக்கு, விளையாடிக்கொண்டே அணியை நடத்தும் பொறுப்பில் சென்றார். அந்த அணி 1993-94, 1994-95 ஆகிய இரண்டு பருவங்களிலும் வேல்ஸ் லீக்கின் சம்பியன் ஆனது. இங்கே எவரும் அவரை ஒரு பெரிய கழகத்துக்கு அழைத்திருப்பார்கள் என்றுதான் நினைப்போம். அப்படி நடக்கவில்லை. அவர் சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) படித்துப் பட்டம் பெற்றார். ஸ்கன்தோர்ப் யுனைட்டெட் என்ற சிறிய கழகத்தில் இயன்மருத்துவராக வேலைக்குச் சேர்ந்து, காயப்பட்ட வீரர்களின் கால்களைப் பிடித்து நீவிக்கொண்டு பல வருடங்கள் அங்கேயே இருந்தார்.

2006 இறுதியில் ஸ்கன்தோர்ப்பின் முகாமையாளர் வேறு கழகத்துக்குப் போனார். தற்காலிகமாக அணியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், பிறகு நிரந்தரமாக்கினார்கள். அந்தப் பருவத்திலேயே அணி மூன்றாம் பிரிவில் சம்பியனாகி மேலே போனது. எங்கள் இயன்மருத்துவரே எங்களுக்குப் போதும் என்ற பொருளில் ரசிகர்கள் பாடத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே அணி கீழே இறங்கியது. 2009-இல் வெம்பிளி மைதானத்தில் நடந்த, மேற்பிரிவுக்கு உயர்வதற்கான இறுதியாட்டத்தில் மில்வோலை 3-2 என்று வென்று மீண்டும் ஏறியது. 2010 செப்டெம்பரில் சவுத்தாம்ப்டன் அவரை எடுத்தது. மூன்றாம் பிரிவில் இருந்த அந்த அணியை 2011-இல் ஒரு படி, 2012-இல் இன்னொரு படி என்று ஏற்றி இங்கிலாந்தின் முதற்பிரிவான பிரீமியர் லீக்குக்குக் கொண்டுவந்தார். 2013 ஜனவரியில், அணி பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே, வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதற்குப் பிறகும் ரெடிங், ஷெஃபீல்ட் யுனைட்டெட், ஹல், சார்ல்டன் என்று பல இடங்களில் வேலை பார்த்தார். எதிலும் முன்பு கிடைத்த அளவு வெற்றி கிடைக்கவில்லை. 2023-இல், தான் விளையாடத் தொடங்கிய ட்ரான்மியருக்கே முகாமையாளராகத் திரும்பினார்.

இதுவரை சொன்னது நடந்த வரலாறு. இனிச் சொல்வது என் வாசிப்பு. அதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அட்கின்ஸை உயர்த்தியது அவர் கோல் காத்தது அல்ல, கோல் காத்த பிறகு கற்றது. காப்பாளருக்கு இயல்பாகத் தெரியாத ஒன்று உண்டு. அது ஓடுபவனின் உடம்பு. தொழில்முறை ஆட்டத்தில் வெளிக்கள வீரர் ஒருவர் ஒரு போட்டியில் சுமார் 10 முதல் 12 கிலோமீற்றர் ஓடுகிறார். காப்பாளர் ஓடுவது அதில் பாதி அளவுதான். எழுபதாவது நிமிடத்தில் மத்தியகள வீரரின் தொடை இறுகி, மூச்சு அடைத்து, மூளை சொல்வதைக் கால் கேட்காமல் போகும் நிலையைக் காப்பாளர் தன் உடம்பில் உணர்ந்ததில்லை. அவர் கண்ணுக்கு அது சோம்பலாகத் தெரியும். "ஏன் திரும்பி ஓடி வரவில்லை?" என்று கத்துவார். நானும் பல காப்பாளர்களிடம் இதைக் கண்டிருக்கிறேன். அட்கின்ஸ் தன் இயன்மருத்துவப் படிப்பால் இந்த ஓட்டையை அடைத்துக்கொண்டார். யாருக்கு எவ்வளவு வேலை கொடுக்கலாம், யாரை எப்போது வெளியே எடுக்க வேண்டும், காயத்திலிருந்து வருபவனிடம் எப்படிக் கதைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அவரைப் போல வேறு யார் என்று கேட்டீர்கள். கெவின் பிளாக்வெல்லைச் சொல்வேன். இவரும் கீழ்ப்பிரிவுகளில் அலைந்த காப்பாளர். 1987-இல் ஸ்கார்பரோ கழகம் இங்கிலாந்தின் நான்கு பிரிவு லீக்குக்கு முதன்முறையாக உயர்ந்தபோது அந்த அணியில் இருந்தார். அப்போது முகாமையாளராக இருந்த நீல் வொர்னொக் பிறகு போன பல கழகங்களுக்கு, பிளாக்வெல் ஒரு காலத்தில் காப்பாளராகவும், பிறகு பயிற்றுநராகவும், உதவியாளராகவும் கூடவே போனார். ஒரே ஆளின் பக்கத்தில் நின்று ஒரு தொழிலைக் கற்பது பழைய முறை, ஆனால் இன்றும் பலன் தரும் முறை. 2004-இல் லீட்ஸ் யுனைட்டெட் கடனில் மூழ்கி, பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கி, வீரர்கள் எல்லோரும் கலைந்துபோன நேரத்தில் அணி அவரிடம் வந்தது. இரண்டே வருடங்களில் அதைப் பிரீமியர் லீக்கின் வாசல் வரை கொண்டுபோனார். 2006-இல் உயர்வுக்கான இறுதியாட்டத்தில் வொட்ஃபோர்டிடம் தோற்றார். 2009-இல் ஷெஃபீல்ட் யுனைட்டெட்டுடன் அதே வாசலில் பேர்ன்லியிடம் மீண்டும் தோற்றார்.

இன்னொருவர் மைக் வோக்கர். கோல்செஸ்டர் என்ற சிறிய கழகத்தில் நீண்டகாலம் கோல் காத்தவர், பிறகு அங்கேயே அணியை நடத்தியவர். நோரிச் சிட்டியில் இரண்டாம் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவரை 1992-இல் முதல் அணிக்கு உயர்த்தினார்கள். பிரீமியர் லீக்கின் முதல் பருவமான 1992-93-இல் நோரிச் மூன்றாம் இடம் பிடித்தது. அடுத்த பருவத்தில் ஐரோப்பியக் கழகங்களுக்கான யூயெஃபா கிண்ணத்தில் பயேர்ன் மியூனிச்சை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்றது. பிறகு எவர்டனுக்குப் போய் ஒரு வருடம் முடியுமுன்னே வேலையை இழந்தார். இந்த ஏற்ற இறக்கத்தையும் தம்பி தெரிந்து வைத்திருப்பது நல்லது. பயிற்றுவிப்பாளர் வேலையில் நீக்கப்படாதவர் அரிது.

மேல்மட்டத்தில் பார்த்தால், நுனோ எஸ்பிரிட்டோ சான்டோ போர்த்துக்கலின் போர்ட்டோ கழகத்தில் புகழ்பெற்ற காப்பாளர் வீட்டோர் பாயாவுக்குப் பின்னால் இரண்டாவது காப்பாளராக உட்கார்ந்திருந்தவர். ஓய்வுக்குப் பிறகு காப்பாளர் பயிற்றுநராகத் தொடங்கி, 2012-இல் ரியோ ஆவே என்ற நடுத்தரக் கழகத்தில் தலைமைப் பொறுப்பெடுத்தார். 2017-18 பருவத்தில் வுல்வ்ஸ் கழகத்தை 99 புள்ளிகளுடன் இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவின் சம்பியனாக்கினார். ஹூலென் லோப்பெத்தெகியும் பெரிய கழகங்களில் பெரும்பாலும் ஒதுக்கு ஆசனத்தில் இருந்த காப்பாளர்தான். முதல் பயிற்றுவிப்பு வேலையில் ராயோ வயெக்கானோ கழகம் அவரைச் சில மாதங்களிலேயே நீக்கியது. பிறகு ஸ்பெயினின் இளையோர் அணிகளுடன் பொறுமையாக வேலை பார்த்து, 2012-இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர், 2013-இல் இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கிண்ணங்களை வென்று, தேசிய அணிக்கும் வந்தார். எதிர்ப்பக்கத்தில் பீற்றர் ஷில்டனைப் பாருங்கள். இங்கிலாந்துக்காக 125 போட்டிகளில் விளையாடிய மாபெரும் காப்பாளர். பிளிமத் அணியை நடத்தப் போனார். அந்தப் பருவமே அணி கீழே இறங்கியது, பின்னர் ஓரளவு மீண்டது, 1995-இல் விலகினார். அதன் பின் அவர் பெரிய அணி எதையும் நடத்தவில்லை. விளையாடிய காலத்துப் புகழ் தம்பிக்கு இல்லையே என்று நீங்கள் வருந்தத் தேவையில்லை என்பதற்காகவே இவரைச் சொன்னேன்.

காப்பாளருக்கு மைதானம் முழுவதும் தெரியும், அதனால் அவர் ஆட்டத்தை மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வார் என்று அடிக்கடி சொல்வார்கள். இதை நான் பாதிதான் நம்புகிறேன். காப்பாளரின் பார்வை முழுமையானது, ஆனால் ஒரே கோணத்துப் பார்வை. எதிரணியின் கோலுக்கு முன்னால் நடப்பதை அவர் நூறு மீற்றர் தூரத்திலிருந்து பார்க்கிறார். அங்கே ஒரு முன்கள வீரர் அரை அடி விலகி இடம் உண்டாக்குவது அவர் கண்ணுக்கு எட்டாது. பின்கள வரிசை, இடைவெளி, கோர்னர் உதையில் யார் யாரைப் பிடிப்பது, சுவர் எங்கே நிற்பது ஆகியவற்றில் நல்ல காப்பாளரை மிஞ்ச ஆளில்லை. எங்கள் மைதானங்களில் காற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கரையோர மைதானத்தில் உயரப் பந்து எங்கே விழும், நாணயச் சுழற்சியில் வென்றால் எந்தப் பக்கத்தைக் கேட்பது, இடைவேளைக்குப் பிறகு பந்தை நிலத்தோடு வைத்திருக்க வேண்டுமா என்பது காப்பாளருக்கு உடனே தெரியும். இவை சிறிய நன்மைகள் அல்ல. எங்கள் ஊர்ப் போட்டிகளில் பாதிக் கோல்கள் கோர்னர் போன்ற நின்ற பந்து உதைகளிலிருந்தும் காற்றிலிருந்தும்தான் வருகின்றன என்பது என் நீண்டகால எண்ணம்.

அவருக்குக் குறைவது தாக்குதலும் மத்தியகளமும். பந்தை இழந்த கணத்தில் யார் முதலில் நெருக்குவது, மற்றவர்கள் எந்தப் பாதையை அடைப்பது, மத்தியகள வீரர் பந்தை வாங்கும் முன் தோளுக்குப் பின்னால் எத்தனை முறை பார்க்கிறார் என்பதெல்லாம் கோல் வாசலில் நின்று கற்க முடியாதவை. அதனால் தம்பி செய்ய வேண்டிய முதல் வேலை இடத்தை மாற்றிப் பார்ப்பது. யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் நல்ல போட்டி நடந்தால் கோலுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டாம். நடுக்கோட்டுக்கு நேரே, முடிந்தவரை உயரத்தில் உட்கார்ந்து, பந்தை விட்டுவிட்டு ஒரே ஒரு மத்தியகள வீரரை முழு நேரமும் பார்க்கட்டும். எழுதி வைக்கட்டும். முழங்கால் இடம் கொடுத்த பிறகு, பயிற்சி ஆட்டங்களில் காப்பாளராக அல்லாமல் மத்தியகளத்தில் மெதுவாகவாவது விளையாடிப் பார்க்கட்டும். மூச்சு வாங்கும்போது தீர்மானம் எடுப்பது எவ்வளவு கடினம் என்பதை வேறு எந்த வழியிலும் கற்க முடியாது.

எங்கள் ஊரின் நிலைமை இங்கிலாந்துப் புத்தகத்தில் இருக்காது. நாவாந்துறை, பாசையூர், குருநகர் போன்ற கரையோர ஊர்களில் உதைபந்தாட்டம் உயிரோடு இருப்பது கடலோடும் குடும்பங்களால். இரவு தொழிலுக்குப் போய் விடியக் கரை சேர்ந்து, மீன் விற்று, மதியம் சற்றுத் தூங்கி, பின்னேரம் மைதானத்துக்கு வரும் இளைஞரை மைதானத்தைச் சுற்றி ஓட விட்டால் அது பயிற்சி அல்ல, வதை. அவருக்கு வேண்டியது பந்தோடு கூடிய குறுகிய, கூர்மையான பயிற்சி. யார் நேற்று இரவு கடலில் இருந்தார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பயிற்சியைப் பிரிப்பது இங்கே பயிற்றுவிப்பாளரின் முதல் அறிவு. அட்கின்ஸிடமிருந்து எடுக்க வேண்டியது இதைத்தான்.

எங்கள் மின்னொளித் தொடர்கள் பல எழுவர், ஒன்பதின்மர் ஆட்டங்கள். அவற்றில் முடிவு சமநிலைத் தவிர்ப்பு உதைக்கு (பெனால்டி) போவது வழக்கம். இங்கே தம்பியின் அறிவு நேரடியாகப் பயன்படும். உதைப்பவரின் ஓட்டத்தின் கோணமும் ஊன்றும் காலின் திசையும் என்ன சொல்கின்றன என்பதை அவர் இளம் காப்பாளருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தன் அணியின் உதைப்பவர்களுக்கு, காப்பாளர் எதைப் பார்த்துப் பாய்கிறார் என்பதையும் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் சிறிய மைதானத் தொடர்களை மட்டும் நம்பி அணியை வளர்க்க வேண்டாம். பதினொருவர் ஆட்டத்தில்தான் இடைவெளியும் வடிவமும் கற்பிக்க முடியும்.

மைதானத்துக்கு வெளியே வரும் சிக்கல் இன்னும் பெரியது. ஊர்க் கழகத்தில் வீரர்கள் எல்லோரும் மச்சான், மருமகன், பக்கத்து வீட்டுப் பிள்ளை. லண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருந்து உறவினர்கள் சீருடைக்கும் பந்துக்கும் பணம் அனுப்புகிறார்கள். அந்த அன்பு இல்லாவிட்டால் பல கழகங்கள் இயங்காது. அதே நேரத்தில் யாரை இறக்க வேண்டும் என்ற தொலைபேசி அழைப்பும் அங்கிருந்து வரும். பொறுப்பெடுக்கும் முன்னரே, பதினொருவரைத் தெரிவு செய்வது தம்பி மட்டும்தான் என்பதை நிருவாகக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் பேசி, குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். ஒரு தோல்விக்குப் பிறகு அதைக் கேட்டால் கிடைக்காது. முதல் பருவத்தில் சம்பியன் ஆக வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்கக் கூடாது. ஒரு முழுப் பருவத்தைக் கேட்டு வாங்குவது நியாயம். அவரே கோலுக்குள்ளும் நிற்க வேண்டும் என்று கழகம் கேட்டால், முழங்கால் குணமானாலும் மறுக்கச் சொல்வேன். பாங்கரில் அட்கின்ஸால் முடிந்தது உண்மை. ஆனால் கோலுக்குள் நின்றுகொண்டு மாற்று வீரரை இறக்குவதும், களைத்தவரைக் கண்டுபிடிப்பதும், இளம் காப்பாளர் ஒருவரை வளர்ப்பதும் ஒரே நேரத்தில் நடக்காது.

சான்றிதழைப் பற்றி. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் பயிற்றுவிப்புப் படிநிலை சி, பி, ஏ, புரோ என்று ஏறும். இலங்கையில் இவை இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் ஊடாக வருகின்றன. காப்பாளர் பயிற்றுநர்களுக்கென்று தனிச் சான்றிதழ்களும் உண்டு. தம்பிக்கு அது இலகுவாக இருக்கும், கை தானாக அந்தப் பக்கம் போகும். ஆனால் முதலில் அதை எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான ஆலோசனை. அதை எடுத்தவுடன் எல்லோரும் அவரைக் காப்பாளர்களின் மூலைக்கே அனுப்பிவிடுவார்கள். சி சான்றிதழை முதலில் முடிக்கட்டும். வகுப்பு அறிவிப்பு வந்தால் தள்ளிப்போட வேண்டாம். 2023 ஜனவரியில் ஃபிஃபா நம் நாட்டை இடைநிறுத்தி ஆகஸ்டில்தான் மீண்டும் சேர்த்தது. அந்த மாதங்களில் ஃபிஃபாவினதும் ஆசியக் கூட்டமைப்பினதும் பயிற்சி நெறிகளுக்கான உரிமையும் இல்லாமல் போனது. வகுப்பில் ஆங்கிலமும் சிங்களமும் கலந்து ஓடும் என்பதால் ஆட்டம் சார்ந்த சொற்களையாவது இரண்டிலும் பழகிக்கொள்ளட்டும். இடைக்காலத்தில் அருகிலுள்ள பாடசாலை ஒன்றில் பதினான்கு வயதுக்குட்பட்டோருக்குச் சம்பளமில்லாமலாவது உதவியாளராக நிற்கட்டும். பெண்கள் அணியானாலும் தயங்க வேண்டாம். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி மாணவிகள் நாட்டுக்குக் காட்டியது போல, நல்ல பயிற்சிக்கு நல்ல பதில் தரும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். சிறுவர்களும் சிறுமிகளும் விளங்காததை விளங்கவில்லை என்று முகத்தில் காட்டிவிடுவார்கள். விளக்கத் தெரியாத பயிற்றுவிப்பாளர் அங்கேதான் விளக்கக் கற்கிறார்.

முழங்காலைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது எலும்பியல் மருத்துவரும் இயன்மருத்துவரும் பார்த்துச் சொல்ல வேண்டியது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பொறுப்பெடுத்த முதல் வாரங்களில் இளம் காப்பாளருக்குப் பாய்ந்து காட்ட வேண்டும் என்ற ஆசை அவருக்குக் கட்டாயம் வரும். எங்கள் செம்மண் மைதானங்கள் கோடையில் கல்லாக இறுகிக் கிடக்கும், கார்த்திகை மழையில் வழுக்கும். மருத்துவர் அனுமதிக்கும்வரை வாயாலும் கையாலும் சொல்லிக் கொடுக்கட்டும். இயன்மருத்துவப் பகுதிக்குப் போகும் நாட்களில் சும்மா படுத்திருக்காமல், இந்தத் தசை எதற்கு, இந்தப் பயிற்சி ஏன், எத்தனை வாரத்தில் ஓடலாம், எதைக் கண்டால் நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அடுத்த பருவத்தில் அவரது அணியில் யாருக்காவது முழங்கால் திரும்பும்போது அந்தக் குறிப்பு உடனே தேவைப்படும்.